ஊர்ப்பெயரைச் சுமந்து போனவள்

சில ஆண்டுகளுக்கு முன் பழவேற்காட்டுக்காக ஒரு பலகை எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். மரபு நடைக்கு வருகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போகும்படியான பலகை. தமிழில் நூற்றைம்பது சொற்களுக்கு மேல் போகக் கூடாது. கவிதை எழுதுகிறவள், சுருக்கமாகச் சொல்ல வரும் என்று நினைத்திருப்பார்கள். எழுதிக் கொடுத்தேன். ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள். 'இந்தத் துறைமுகத்திலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள்' என்பது அந்த வரி. "குடும்பத்தோட சுத்திப் பாக்க வர்ற இடம் மேடம், மனசுக்குக் கஷ்டமா இருக்கும்" என்றார் தொலைபேசியில் பேசியவர். மரியாதையாகத்தான் சொன்னார். நானும் மரியாதையாக அந்த வரியை எடுத்துவிட்டேன்.

பிறகு அந்தத் திட்டமே நின்றுபோனது. பலகை எங்கும் நடப்படவில்லை. ஆனால் கேட்டவுடன் நான் எடுத்துவிட்டேன் என்பது மட்டும் எனக்குள் நின்றுவிட்டது. பதினைந்து ஆண்டுகளாக வகுப்பறையில் 'வரலாற்றில் பெண்களின் மௌனம்' பற்றிப் பாடம் நடத்துகிறவள் நான். அந்த மௌனம் எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதை அன்று என் கையாலேயே செய்து பார்த்தேன். அதற்கு வன்முறையெல்லாம் தேவைப்படவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருந்தது.

இந்தக் கட்டுரை அந்த வரியைத் திரும்ப எழுதும் முயற்சி.

சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. பொன்னேரியில் பேருந்து ஏறினால் உப்புக்காற்று முகத்தில் படும்போது ஊர் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. இறால் வாங்கவும் படகில் போகவும் பூநாரை பார்க்கவும் வருகிறவர்களே அதிகம். ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தைத் தேடி வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிலைகள் நிற்கின்றன. உள்ளே எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள். தட்டையான பெரிய கற்களில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. முந்நூறு ஆண்டு மழையும் வெயிலும் அந்த எழுத்துகளை அதிகம் தின்றுவிடவில்லை. வாசலில் இந்தியத் தொல்லியல் துறையின் நீலப் பலகை இருக்கிறது. இது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இதைச் சேதப்படுத்துவோருக்குச் சிறைத்தண்டனையோ அபராதமோ விதிக்கப்படும் என்று எச்சரிக்கும் பலகை. நம் நாட்டில் தொல்சின்னங்கள் இருக்கும் இடமெல்லாம் இதே நீலம்தான். எதைத் தொடக் கூடாது என்று அது விவரமாகச் சொல்லும். அங்கே என்ன நடந்தது என்று சொல்ல அதில் இடமிருக்காது.

சற்றுத் தள்ளி, முள்செடிகள் மண்டிய மேடாகக் கிடக்கிறது கெல்ட்ரியா கோட்டை. ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடம் அது. ஆங்கிலேயர் சென்னையில் கால்வைத்த 1639க்கு ஒரு தலைமுறை முந்தியது. வெம்மர் வான் பெர்ஹம் என்ற அதிகாரி 1613இல் அதைக் கட்டி முடித்துத் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரைச் சூட்டினார். பழவேற்காட்டு வரலாற்றைச் சொல்லும் எந்தக் கையேட்டிலும் இந்தப் பெயர் இருக்கும். அந்தக் கோட்டை வேலையைத் தொடங்கியவர் ஒரு பெண் என்பது பெரும்பாலும் விடுபட்டுப்போகும். விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடவரின் ராணி ஒருவரின் ஆளுகையில்தான் அன்றைக்குப் பழவேற்காடு இருந்தது. ஒல்லாந்தர் வாணிகம் செய்ய அனுமதி பெற்றது அந்த அரசகுலத்திடம். 1612இல் போர்த்துகீசியர் வந்து டச்சுப் பண்டகசாலையை அழித்தபிறகு எழுந்த கோட்டை இது. தொடங்கிய ராணியின் ஊர், முடித்த அதிகாரியின் பெயர்.

ராணியை மட்டும் மீட்டெடுத்துவிட்டால் பெண் வரலாறு எழுதிவிட்டோம் என்று மகிழ்ந்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. ராணி கொடுத்த அனுமதியின் நிழலில்தான் மற்றப் பெண்களின் கதை நடந்தது.

ஒல்லாந்தருக்குப் பழவேற்காடு எதற்காக? துணிக்காக. கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் விற்றவர்கள் அதற்கு ஈடாகக் கேட்டது சோழமண்டலத்துச் சாயத்துணியை. இந்தக் கரையின் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்து, அந்தத் தீவுகளின் நறுமணப் பொருளை வாங்கி, அதை ஐரோப்பாவில் விற்றார்கள். தறியில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆனால் ஒரு தறி ஓட வேண்டுமென்றால் பல வீடுகளில் இராட்டை சுற்ற வேண்டும். அந்த நூலை நூற்றவர்கள் பெண்கள். சிவப்புச் சாயம் தந்தது மணற்பாங்கான நிலத்தில் விளையும் சாயவேர். அந்த வேரைத் தோண்டி, உலர்த்தி, இடித்து எடுத்தால்தான் வெளுக்க வெளுக்கக் கூடுகிற அந்தச் சிவப்பு கிடைக்கும். கம்பெனியின் கணக்கில் தரகர் பெயர் இருக்கும், வணிகர் பெயர் இருக்கும், சில நேரம் நெசவாளர் பெயர்கூட இருக்கும். நூற்றவளுக்குக் கணக்குப் புத்தகத்தில் பத்தி கிடையாது.

துணிக்கு மட்டும் ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. மெக்சிகோவில் இன்றைக்கும் கழுத்திலும் தலையிலும் கட்டும் வண்ணக் கைக்குட்டைக்குப் 'பாலியகாத்தே' என்று பெயர். பழவேற்காட்டை ஐரோப்பியர் வாயில் போட்டு மென்ற சொல் அது. கடல் கடந்துபோன சரக்கு, ஏற்றி அனுப்பிய ஊரின் பெயரைச் சுமந்து திரிந்தது.

அதே ஊர்ப்பெயரைச் சுமந்து போன இன்னொரு சரக்கும் இருந்தது.

1619இல் ஒல்லாந்தர் ஜாவாவில் பட்டாவியாவை நிறுவினார்கள், இன்றைய ஜகார்த்தா. 1621இல் சாதிக்காய் விளையும் பாண்டா தீவுகளைத் தாக்கி அங்கிருந்த மக்களில் பெரும்பாலோரைக் கொன்றோ நாடுகடத்தியோ வெறுமையாக்கினார்கள். காலியான தீவில் தோட்டத்தைப் பார்க்க ஆள் வேண்டும், புதிய நகரத்தில் கட்டவும் சுமக்கவும் சமைக்கவும் வெளுக்கவும் ஆள் வேண்டும். சோழமண்டலக் கரையில் ஆள் கிடைத்தார்கள், குறிப்பாகப் பஞ்சம் வந்தபோது. 1622-23இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைமுகங்களிலிருந்து டச்சுக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,900 பேர். 1659-61இல் பீஜப்பூர்ப் படைகள் தஞ்சாவூர்ச் சீமையைச் சூறையாடியதும் பஞ்சம் வந்தது. அப்போது நாகப்பட்டினம், தேவனாம்பட்டினம், பழவேற்காடு வழியாக வாங்கப்பட்டவர்கள் 8,000 முதல் 10,000 பேர்வரை. இலங்கைக்கும் மலாக்காவுக்கும் பட்டாவியாவுக்கும் அவர்கள் போனார்கள்.

இவர்களைக் கம்பெனிக்காரர்கள் வலைவீசிப் பிடித்துக்கொண்டு போகவில்லை. பெரும்பாலும் வாங்கினார்கள். வாங்கினார்கள் என்றால் விற்றவர்கள் இருந்தார்கள். தரகர்கள் நம்மவர்கள். படியளக்க வழியில்லாமல் பிள்ளைகளை விற்ற பெற்றோரும் நம்மவர்கள். சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பஞ்சத்தில் தங்களையும் தங்கள் மக்களையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களின் செய்தி கல்லிலேயே இருக்கிறது. டச்சுக்காரர் புதிதாகக் கொண்டுவந்தது அடிமைமுறையை அல்ல. அதற்கு ஒரு கடலையும் கப்பலையும் கணக்குப் புத்தகத்தையும் சேர்த்தார்கள்; திரும்பி வர வழியில்லாதபடி செய்தார்கள். 'மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்' என்று சொன்னவர் இதைத்தான் சொன்னாரோ என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். அயலான் கொடுமையை மட்டும் எழுதியிருந்தால் ஒருவேளை அந்த வரி தப்பித்திருக்கும்.

கப்பலேறியவர்களில் ஒருத்தியைப் பற்றி மட்டும் நமக்குக் கொஞ்சம் தெரியும். அவள் பெயர் கத்ரீன். டச்சு ஆவணங்களில் அவள் 'பாலியாகட்டாவின் பெரிய கத்ரீன்'. அடிமையானவர்களுக்குப் பெற்றோர் வைத்த பெயரும் குலப்பெயரும் போய், வாங்கியவர் வைத்த ஒரு பெயரும் அதற்குப் பின்னால் ஓர் ஊரும் மிஞ்சின. வங்காளத்தின் இன்னார், மலபாரின் இன்னார், மடகாஸ்கரின் இன்னார். அந்த ஊர் அவர்கள் பிறந்த ஊராகவும் இருந்தது, விற்கப்பட்ட துறைமுகமாகவும் இருந்தது. துணிமூட்டையில் குத்தும் முத்திரைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

கத்ரீன் பட்டாவியாவில் அடிமையாக இருந்தாள். 1656இல் ஒரு கொலைவழக்கில் அவளுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. இறந்தவன் மலபாரிலிருந்து வந்த இன்னொரு அடிமை, அவளுடைய காதலன். அவன் அவளை அடித்தான். அவள் திருப்பி அடித்தாள். பட்ட இடம் பொல்லாத இடம். அவன் சில நாளில் செத்துப்போனான். கொல்லும் நோக்கம் அவளுக்கு இருக்கவில்லை என்று கருதி, மரணதண்டனையை ஆயுள்கால நாடுகடத்தலாக மாற்றினார்கள். ஆப்பிரிக்காவின் தென்முனையில் ஒல்லாந்தர் குடியேறி அப்போது ஐந்தாண்டுகூட ஆகவில்லை. 1657 பிப்ரவரியில் அவளைக் கொண்டுபோய் அந்த நன்னம்பிக்கை முனையில் இறக்கினார்கள். அங்கே கைதியாக நாடுகடத்தப்பட்டு வந்த பெண்களில் ஆவணத்தில் முதலாவதாக வருகிறவள் அவள்தான்.

அந்தக் குடியேற்றத்தின் தளபதி யான் வான் ரீபெக்கின் வீட்டுத் துணிகளை அவள் வெளுத்தாள். அவருக்குப் பின் வந்த தளபதிகளின் துணிகளையும். துணிக்குப் பேர்போன ஊரிலிருந்து போனவள் உலகத்தின் மறுகோடியில் அடுத்தவர் துணி துவைத்தாள் என்று எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இது நான் ஜோடித்த முரண் அல்ல, நடந்தது. கம்பெனியின் படைவீரன் ஒருவன் மூலம் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். கிறிஸ்தோஃபல் என்று பெயர். பிறகு அவளுக்கு மன்னிப்புக் கிடைத்தது. 1671இல் வங்காளத்திலிருந்து வந்து விடுதலை பெற்றிருந்த அந்தோணி என்பவரை முறைப்படி மணந்துகொண்டாள். மகன் வளர்ந்து, மதக்கொடுமைக்குத் தப்பி வந்த ஹ்யூகனோ குடும்பத்துப் பெண் ஒருத்தியை மணந்தான். தென்னாப்பிரிக்காவில் ஸ்நைமன் என்ற குடும்பப்பெயர் தாங்கியவர்கள் ஏராளம். வெள்ளையர் என்று தங்களை நினைத்துக்கொண்டு, நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட காலத்தைக் கடந்துவந்த அந்தப் பெருங்குடும்பத்தின் மூதாய் பழவேற்காட்டுப் பெயர் தாங்கிய அடிமைப்பெண்.

கத்ரீனைப் பற்றி இவ்வளவு தெரிவதற்குக் காரணம் என்ன? அவள் நல்லவளாக இருந்தாள் என்பதோ, நெடுநாள் உழைத்தாள் என்பதோ அல்ல. அவள் திருப்பி அடித்தாள், அது வழக்கானது, வழக்கு என்றால் எழுத்தர் எழுதித்தான் ஆக வேண்டும். அவன் அடித்ததைப் பொறுத்துக்கொண்டிருந்தால் பட்டாவியாவின் ஆயிரம் அடிமைப்பெண்களில் ஒருத்தியாக எழுத்தில் ஏறாமலே போயிருப்பாள்.

இதை யோசிக்கும்போதெல்லாம் நான் முனைவர் பட்டத்துக்குப் படித்த நடுகற்கள் நினைவுக்கு வருகின்றன. கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து வாழ்த்துவதுவரை நடுகல்லுக்கு ஆறு படிநிலைகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. ஆநிரை மீட்டு இறந்தவனுக்குக் கல் உண்டு, பெயர் உண்டு, படையல் உண்டு. பெண்ணுக்குக் கல் எப்போது கிடைத்தது? பிற்காலத்து மாசதிக்கற்களைப் பாருங்கள். வளையல் அணிந்த ஒரு கை மட்டும் உயர்ந்து நிற்கும். கணவனின் சிதையில் எரிந்தவளுக்கு அந்தக் கல். இமயத்திலிருந்து கல் கொண்டுவரப்பட்ட கண்ணகிக்கும் அதற்கு முன் ஒரு நகரத்தை எரிக்க வேண்டியிருந்தது. எரிந்தால் கல், எரித்தால் கல், திருப்பி அடித்தால் ஒரு பக்கம். நூற்றவளுக்கும் துவைத்தவளுக்கும் பெற்றவளுக்கும் எதுவும் இல்லை.

கல்லறைத் தோட்டத்திலும் பெண்கள் இருக்கிறார்கள். பிரசவத்திலும் காய்ச்சலிலும் இளவயதில் இறந்துபோன டச்சுக் குடும்பத்துப் பெண்கள். அந்தக் காலத்து டச்சுக் கல்வெட்டு வழக்கப்படி அவர்கள் பெயருக்குப் பின் 'இன்னாரின் மனைவி' என்று வரும்; அதையடுத்து அந்த இன்னாரின் பதவி வரும். அவளுடைய கல்லிலும் கணவனின் உத்தியோகத்துக்குத்தான் அதிக இடம். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கல்லைத் துடைத்தவள் யார், அந்தக் குழந்தைக்குப் பாலூட்டியவள் யார் என்ற கேள்வியை அந்தக் கல்லின் முன்னால் நின்று கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அந்தக் காலத்துப் பழவேற்காட்டோடு தொடர்புடைய இன்னொரு பெண்ணையும் சொல்ல வேண்டும். 1632 முதல் பத்தாண்டுகள் இங்கே மதகுருவாக இருந்தவர் ஆபிரகாம் ரொஜேரியுஸ். கோட்டையில் அடைக்கலம் புகுந்திருந்த பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு, இந்து சமயம் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். பர்த்ருஹரியின் பாடல்கள் முதன்முதலாக ஓர் ஐரோப்பிய மொழிக்குப் போனது அதன் வழியாகத்தான். நீதியும் வைராக்கியமும் போயின. காதலைச் சொல்லும் சிருங்கார சதகம் போகவில்லை. ரொஜேரியுஸ் 1649இல் இறந்துவிட்டார். 1651இல் லெய்டனில் அந்த நூல் அச்சேறக் காரணமாக இருந்தவர் அவருடைய மனைவி எமரென்ஷியா பூல்ஸ். கைம்பெண்ணாக நின்று அவர் வெளியிட்ட நூலை இன்றுவரை அறிஞர்கள் எடுத்தாளுகிறார்கள், கணவர் பெயராலும் தகவல் சொன்ன பத்மநாபன் பெயராலும். ஓர் ஊரைப் பற்றிய அறிவு உருவாகி, பாதுகாக்கப்பட்டு, நம் கைக்கு வந்த பாதையில் ஒரு பெண்ணின் கை எப்போதும் இருக்கிறது. அந்தக் கையைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக நான் பழவேற்காட்டுக்குப் போனது இளங்கலை மாணவிகளோடு. அவர்களில் ஒருத்தி அந்த ஏரிக்கரைக்காரி, இருளர் குடும்பத்துப் பெண். எல்லோரும் எலும்புக்கூட்டுச் சிலைகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். நீரில் கழுத்தளவுக்கு அமிழ்ந்து, ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள் சில பெண்கள். "எங்கம்மாவும் இதுதான் செய்யறாங்க மேடம். வலை போடற 'பாடு' எங்களுக்குக் கிடையாது. பொம்பளைங்களுக்கு எந்தச் சாதியிலயும் கிடையாது" என்றாள். பாடு என்பது ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த முறை வலைபோடலாம் என்று பங்கிடும் பழைய ஏற்பாடு. ஆண்களுக்கான உரிமை அது.

நான் அவளுக்குக் கத்ரீனின் கதையைச் சொன்னேன். கல்லறைச் சுவரின் நிழலில் மற்ற மாணவிகளும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஏரிக்கரைப் பெண் கேட்டாள்: "அவங்க நிஜப் பேரு என்ன மேடம்?"

தென்னாப்பிரிக்காவில் அவளுக்குச் சந்ததி இருக்கிறது. ஆவணக்காப்பகத்தில் அவளுக்குப் பக்கங்கள் இருக்கின்றன. அந்தப் பெயர் மட்டும் எதிலும் இல்லை. அது இந்தக் கரையில் யாரோ ஒரு தாய் கூப்பிட்ட பெயர். கப்பல் ஏறும்போது இறக்கி வைக்கப்பட்டது. ஏதேனும் ஒரு பொருளை ஒரு பலகை நினைவுபடுத்த வேண்டுமென்றால், முதலில் இந்த இழப்பைத்தான் அது நினைவுபடுத்த வேண்டும்.

மாணவிகளிடம் அன்று ஒரு வேலை கொடுத்தேன். பழவேற்காட்டுக்கு நூற்றைம்பது சொற்களில் ஒரு பலகை எழுதுங்கள். யாரும் எடுத்துவிடச் சொல்லப்போவதில்லை என்றேன். ஒருத்தி சாயவேரைப் பற்றி எழுதினாள். ஒருத்தி ராணியைப் பற்றி. ஏரிக்கரைப் பெண் தன் அம்மாவின் பெயரையும் அம்மாவின் அம்மாவின் பெயரையும் எழுதி, அவர்கள் எத்தனை வயதில் ஏரியில் இறங்கினார்கள் என்று எழுதியிருந்தாள். நூற்றைம்பது சொல் ஆகவில்லை. போதும் என்று நினைத்திருக்கிறாள். போதும்தான்.

நானும் எழுதினேன். அன்று எடுத்த வரியை முதலில் வைத்தேன்:

'இந்தத் துறைமுகத்திலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். வாங்கியவர்கள் ஒல்லாந்தர். விற்றவர்கள் நம்மவர்கள். அவர்களில் ஒருத்தி இந்த ஊரின் பெயரைத் தன் பெயராகக் கொண்டு கடைசிவரை வாழ்ந்தாள். தன்னை அடித்தவனைத் திருப்பி அடித்தாள். மூன்று நிலங்களைக் கண்டாள். துணி வெளுத்தாள். விடுதலை பெற்றாள். அவளுடைய வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். இங்கே அவள் எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாள் என்பது எழுதிவைக்கப்படவில்லை.'

குடும்பத்தோடு வருகிறவர்கள் இதைப் படிக்கட்டும். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.